பாலகரின் சொல்லும் நீதியின் தராசும்

"பருவமடையாத பிள்ளையின் சாட்சியம் ஷரீஅத்தில் செல்லாதே! அப்படியிருக்க, மானபங்கத்துக்கு ஆளான சிறுமியை நீதிமன்றத்தில் பேசவைக்கலாமா?" எனச் சிலர் வினவுகின்றனர். இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

சாட்சி சொல்பவர் பாலிகானவராக இருத்தல் வேண்டும் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ, சிறுவர்கள் தமக்குள் விளைவித்துக்கொண்ட காயங்களில், அவர்கள் கலைந்துபோய்ப் பிறர் சொல்லிக்கொடுக்குமுன் கூறும் சாட்சியத்தை ஏற்றார்கள். அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் அவ்வாறு தீர்ப்பளித்ததை முவத்தாவில் காண்கிறோம்.

ஆனால், சாட்சியத்துக்குரிய நிபந்தனை வேறு. அநீதிக்குள்ளானவரின் முறையீட்டைக் கேட்பது வேறு. மதீனாவில் நகைக்காக ஒரு சிறுமியின் தலை கற்களுக்கிடையே நசுக்கப்பட்டது. உயிர் ஊசலாடிய அவளிடம் பெயர்களைச் சொல்லிக் கேட்டபோது, ஒரு பெயருக்கு ஆமெனத் தலையசைத்தாள். பிடிக்கப்பட்ட அவன் குற்றத்தை ஒப்புக்கொண்ட பின்னரே நாயகம் (ஸல்) அவர்கள் தண்டித்தார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அவளுடைய சைகை மட்டுமே தீர்ப்பாகிவிடவில்லை. ஆயினும் அதுவே விசாரணையின் வாசலைத் திறந்தது. மறைவில் நடக்கும் கொடுமைக்கு அந்தப் பிள்ளையையன்றி வேறு யார் வாய் திறப்பார்?

நம் நாட்டுச் சட்டமும் கேள்வியைப் புரிந்து தெளிவாகப் பதில் கூறக்கூடிய குழந்தையை வயதைக் காட்டித் தள்ளுவதில்லை. சத்தியப்பிரமாணம் செய்யாத எட்டு வயதுச் சிறுமியின் சாட்சியத்தை உச்சநீதிமன்றம் 1951-லேயே ஏற்றது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, வக்கீல்கள் பிள்ளையை நேரே கேள்வி கேட்கலாகாது. நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவன் அதன் கண்ணில் படாதபடி திரையோ, வீடியோ ஏற்பாடோ இருத்தல் வேண்டும். விசாரணை மூடிய அறையில் நடைபெறும். நம்பிக்கைக்குரிய உறவினர் உடனிருக்கலாம். நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாட்களுக்குள் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும். காலம் கடந்தால் பிறர் சொல்லிக்கொடுப்பர் என்ற இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் எச்சரிக்கையை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும்.

இனி, நம்மவரின் நிலை என்ன? "குடும்ப மானம் போய்விடும்" என வாயை மூடுகின்றோம். ஜமாஅத்தில் பேசி முடிக்கப் பார்க்கின்றோம். இக்குற்றத்தை அறிந்தும் காவல்துறையிடம் தெரிவிக்காதிருப்பது இச்சட்டப்படி தண்டனைக்குரியது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குரியது என்பது திருமறையின் போதனையுமாகும். மறைக்கப்பட்ட கயவன் அடுத்த பிள்ளையைத் தேடிச் செல்வான். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்குண்டு.

பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்போம்; சொல்லிக்கொடுக்காமல் கேட்போம். மெய் பொய்யை ஆராய்வது நீதிபதியின் பொறுப்பு. அவர் முன் அதைக் கொண்டு சேர்ப்பது நம் பொறுப்பு. வல்ல அல்லாஹ் நம் மழலைகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.