எஞ்சினுக்கு எண் எழுதும் முன்

கண்ணு, மட்டாஞ்சேரி வீட்டு மாடியில் பலகை போட்டு, கொச்சி ஹார்பர் டெர்மினஸ் லைனை மாதிரி ரயிலாகச் சின்னதாகக் கட்டப் போகிறாய் என்று உன் அம்மா ஏலூருக்கு என்னிடம் வந்தபோது சொன்னாள். தண்டவாளம் வழியே எஞ்சின்களுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டி.சி.சி. கண்ட்ரோலரும் வாங்கிவிட்டாயாம். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்கள் தனித்தனியாக உன் சொல் கேட்க வேண்டுமானால், அவற்றுக்குள் இருந்து கட்டளையைக் கேட்கும் டிகோடருக்கு ஆளுக்கொரு முகவரி எண் எழுதத் தெரிய வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது பெட்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும். அதில் இல்லாத சிலவற்றை நான் எழுதுகிறேன்.

1. புது எஞ்சினை எண் மாற்றாமலே ஓட்டிப் பார். கடையிலிருந்து வரும்போது டிகோடரின் முகவரி அநேகமாக 3 என்றுதான் இருக்கும். அந்த எண்ணிலேயே கூப்பிட்டு, முன்னும் பின்னும் போகிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு மாற்று. பெட்டியைப் பிரித்த கையோடு எண் எழுதிய பையன் ஒருவன் என்னிடம் வந்தான். வண்டி அசையவில்லை. எண் தப்பா, கம்பி விட்டுப் போயிற்றா, மோட்டாரே கெட்டதா? முதலிலேயே ஓட்டிப் பார்த்திருந்தால் பாதிக் குழப்பம் இருந்திருக்காது. ஆசை முந்திக்கொண்டால் வேலை பிந்தும்.

2. எண் எழுதுவதற்கான தனித் தண்டவாளமான ப்ரோகிராமிங் டிராக்கில் ஒரே ஓர் எஞ்சின்தான் நிற்க வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டு. ஓடும் பாதையில் கட்டளை முகவரியோடு போகிறது. உரிய எஞ்சின் மட்டும் கேட்கும். ப்ரோகிராமிங் டிராக்கில் முகவரி கிடையாது. திருவிழாக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் “ஏய்” என்று கூப்பிடுவது மாதிரி, அங்கே நிற்கிற அத்தனையும் திரும்பும். சில சின்ன கண்ட்ரோலர்களில் இரண்டு பாதைக்கும் ஒரே இணைப்புதான். அங்கே இன்னும் கவனம் வேண்டும். பள்ளுருத்தியில் ஒரு நண்பர், ஷெட்டில் நின்ற எஞ்சின்களை எடுக்காமலே ஒன்றுக்கு மட்டும் எண் எழுதுவதாக நினைத்து எழுதினார். பிறகு வேகத்தைக் கூட்டினார். ஷெட்டே கிளம்பி வந்தது! சிரித்துவிட்டோம், ஆனால் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுத அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நான் உத்யோகமண்டல் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில், வால்வைத் தொடும் முன் அந்த லைனில் வேறு யார், வேறு எது என்று பார்க்காமல் யாரையும் கை வைக்க விடமாட்டோம். அந்தப் பழக்கம் உன் மாடிக்கும் வேண்டும்.

3. எந்த எண் என்று யோசித்து வை. எஞ்சினின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணையே கொடுத்தால் நினைவில் நிற்கும். ஆனால் நம் ரயில்வே லோகோக்களுக்கு ஐந்து இலக்கம். கண்ட்ரோலர்கள் பெரும்பாலும் 9999-க்கு மேல் ஏற்பதில்லை. அதனால் கடைசி நான்கை எடுத்துக்கொள். முதல் டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார எஞ்சினான 30201-க்கு 0201, அதாவது 201 போதும். இதில் ஒரு சங்கடமும் உண்டு: 12-இல் தொடங்கும் சரக்கு டீசலும் 22-இல் தொடங்கும் டபிள்யூ.ஏ.பி.-4-உம் ஒரே கடைசி நான்கில் வந்து முட்டலாம். முன்பே பட்டியல் போட்டுக்கொள்.

டிகோடருக்குள் ஒவ்வோர் அமைப்பையும் வைக்கும் எண்ணிட்ட அறைக்குச் சி.வி. என்று பெயர். 127 வரை சின்ன முகவரி, ஒன்றாம் சி.வி.யில் அடங்கும். சில தயாரிப்பாளர்கள் 99-லேயே கோடு போடுவார்கள். பெரிய முகவரி 17, 18 என்ற இரண்டு சி.வி.களில் பிரிந்து உட்காரும். கண்ட்ரோலர் தானாகவே கணக்குப் போடும் என்றாலும் ஒருமுறை நீயே போட்டுப் பார். முகவரி 6258 என்று வைத்துக்கொள். அதை 256-ஆல் வகுத்தால் ஈவு 24, மீதி 114. ஈவோடு 192-ஐக் கூட்டி 216-ஐ 17-இல் எழுது. மீதியை 18-இல் எழுது. கடைசியாக 29-ஆம் சி.வி.யில் 32-ஐக் கூட்ட வேண்டும், அங்கே 6 இருந்தால் 38. இதை மறந்தால் எஞ்சின் பழைய சின்ன எண்ணுக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். “டிகோடர் போயிற்று” என்று என்னிடம் வந்தவற்றில் பல இந்த 32-ஐ மறந்ததால் வந்தவை.

4. கண்ட்ரோலர் “படிக்க முடியவில்லை” என்று காட்டினால் சக்கரத்தைப் பார். டிகோடர் மோட்டாரை ஒரு கணம் துடிக்க வைத்துத்தான் “கேட்டேன்” என்கிறது. 6 மில்லிசெகண்ட், 60 மில்லிஆம்ப், அவ்வளவுதான். அழுக்குச் சக்கரத்தில் அது தொலைந்துபோகும். கொச்சியின் இடவப்பாதி ஈரத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடை. ஒலி டிகோடர், பெரிய மின்தேக்கி வைத்தது என்றால் பதில் வராமலே எழுதியது சேர்ந்திருக்கவும் கூடும். புது எண்ணில் ஓட்டிப் பார்த்துவிடு. கோபத்தில் திரும்பத் திரும்ப எழுதாதே.

5. நோட்டில் எழுது. எஞ்சின் பெயர், முகவரி, 29-இல் இருந்த மதிப்பு, தேதி. பென்சிலே நல்லது. வண்டியின் அடியிலும் சின்னச் சீட்டு ஒட்டு. ஒரு பெரியவர் காலமான பின் அவர் வீட்டில் எஞ்சின்கள் அட்டைப்பெட்டியில் இருந்தன, எண் எதிலும் இல்லை. பேரன் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டான். ஒவ்வொன்றாக டிராக்கில் வைத்துப் படித்துக் கொடுத்தேன். நீ எழுதுவது உனக்காக மட்டும் இல்லை.

6. பயப்படாதே. எட்டாம் சி.வி.யில் 8 எழுதினால் பெரும்பாலான டிகோடர்கள் பிறந்த நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் நீ பார்த்துப் பார்த்து வைத்த வேக அமைப்பும் அதோடு போகும். நோட்டு எதற்கு என்று அப்போது புரியும்.

7. அடுத்தவர் எஞ்சினில் கேட்காமல் எண் மாற்றாதே. ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ் உருவாக்கிய முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் பொதுத் தரமாக எடுத்துக்கொண்டதால்தான், ஒரு கம்பெனி எஞ்சின் இன்னொரு கம்பெனி கண்ட்ரோலருக்குக் கட்டுப்படுகிறது. எனவே நண்பர்கள் எஞ்சினோடு உன் மாடிக்கு வருவார்கள், எண்ணும் மோதும். முதலில் உன்னுடையதை மாற்றிக்கொள். அவருடையதைத்தான் மாற்ற வேண்டும் என்றால், சம்மதம் கேட்டு, பழைய எண்ணைக் குறித்து வை. அவர் கிளம்பும் முன் அதையே திரும்ப எழுதி, அவர் கண் முன்னால் ஓட்டிக் காட்டிவிட்டுக் கொடு.