அக்சிலேற்றரை இலகுவாக்கி மணிக்கட்டைக் காப்போம்

இடம்பெயர்ந்து வாழும் நம்மவர் பலருக்குக் குடியிருப்பு ஓரிடம், வயல் வேறிடம். மோட்டார் சைக்கிளில்தான் போய்வர வேண்டியுள்ளது. அக்சிலேற்றர் இறுக்கமாயின், அதை வழிநெடுக முறுக்கிப் பிடிக்கும் வலது மணிக்கட்டு நோகும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியன விறைத்து, இரவில் நித்திரையையும் கெடுத்தால், மணிக்கட்டினூடே செல்லும் நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளமாக அது இருக்கலாம். நாளை மண்வெட்டி பிடிக்க வேண்டியதும் இதே கைதான்.

இறுக்கம் ஏன்?

காபரேற்றர் உள்ள வண்டிகளில், நாம் கைபிடியை முறுக்கும்போது கேபிளினுள் இருக்கும் கம்பி காபரேற்றரைத் திறக்கிறது. கையை விட்டதும் ஸ்பிறிங் அதை மூடுகிறது. கேபிளினுள் புழுதியும் துருவும் சேர்ந்தாலோ, கேபிள் மடிந்திருந்தாலோ உராய்வு கூடும். அந்தச் சுமையையும் நம் கையே தாங்குகிறது.

ஸ்பிறிங்கை வெட்டினால் இலகுவாகும் எனச் சிலர் கூறுவர். அதனை ஒருபோதும் செய்யலாகாது. ஸ்பிறிங் வலுவிழந்தால், கையை விட்டாலும் வண்டியின் வேகம் குறையாமற் போகலாம். நாம் குறைக்க வேண்டியது உராய்வை மட்டுமே.

செய்ய வேண்டியவை

1. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, கேபிளின் இரு முனைகளையும் கழற்றவும்.

2. கைபிடி தனியே இலகுவாகச் சுழல்கிறதா எனப் பார்க்கவும். இல்லையெனில் அதைக் கழற்றி, உள்ளே துடைத்து, சிறிதளவு கிறீஸ் பூசவும்.

3. கேபிளின் மேல்முனையில் பொலித்தீன் துண்டைப் புனல்போலக் கட்டி, தையல் மெசின் எண்ணெய் விட்டு, கீழ்முனையால் வடியும்வரை தொங்கவிடவும். சமையல் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

4. கம்பியில் ஓர் இழையேனும் அறுந்திருந்தால் புதுக் கேபிள் போடவும்.

5. மடியாமல் மீண்டும் பூட்டவும். கைபிடியின் விளிம்பில் 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை தளர்வு இருக்கட்டும்.

6. கைபிடியை முறுக்கி விடவும். அது தானாகவே உடன் மூட வேண்டும். பின்னர் எஞ்சினை இயக்கி, ஹாண்டிலை இருபுறமும் திருப்பவும். சத்தம் கூடினால் கேபிள் இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் ஓடவேண்டாம்.

ஓடும்போது மணிக்கட்டை வளைக்காது நேராக வைத்து, கைபிடியை மெதுவாகப் பற்றுவோம். இடையிடையே நிறுத்திக் கையை உதறிக்கொள்வோம். விறைப்பு நீடித்தால் வைத்தியரிடம் காட்டுவோம்.

கலந்துரையாட

உழைக்கும் கை இறைவன் தந்த கொடை. அதனைக் காக்க நாம் என்ன செய்கிறோம்? நமது குடியிருப்பில் மாதம் ஒருநாள் எல்லோருடைய வண்டிகளையும் சேர்ந்து பார்க்க முடியுமா?