ஒர்லித் தவளை



கோபர்கைரனேயில் என் அறையிலிருந்து பார்த்தால் பார்சிக் குன்று தெரியும். சென்ற விடுமுறையில் ஊரிலிருந்து வந்த தம்பி, "அண்ணா, இது எரிமலைக் குழம்பு இறுகிய பாறை என்கிறாயே, நெருப்பில் புதைபடிவம் எப்படித் தங்கும்?" என்று கேட்டான். நல்ல கேள்விதான்.

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகட்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பொங்கிப் பரவிற்று. ஆனால், அது ஓயாமல் வழியவில்லை. இடையிடையே நெடுங்கால அமைதி நிலவிற்று. அப்போது குளங்கள் தோன்றின; சேறு படிந்தது; உயிர்கள் குடியேறின. அடுத்து வந்த குழம்பு அனைத்தையும் மூடிற்று. அச்சேறே பாறைகட்கு நடுவே மெல்லிய களிக்கல் அடுக்காக எஞ்சியது.

மும்பை ஒர்லியில் அத்தகைய அடுக்கில் சின்னஞ்சிறு தவளைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. 1847இல் அவற்றை ஆராய்ந்து பெயரிட்டவர் ரிச்சர்டு ஓவன். 1842இல் 'டைனோசர்' என்னும் பெயரை வழங்கியவரும் அவரே! 1930இல் நோபிள் என்னும் அறிஞர் அத்தவளைக்கு 'இந்தோபாட்ராகஸ்' என்னும் புதிய பேரினப் பெயரைச் சூட்டினார்.

பறவைக் கிளையைத் தவிர்த்த டைனோசர்கள் அக்காலத்தை ஒட்டியே மறைந்தன. தவளைக் குலமோ இன்றும் மழைக்காலத்தில் நம் தெருவோரம் கத்துகிறது.

"பெரியது மாண்டு, சிறியது பிழைத்ததா?" என்றான் தம்பி. ஆம். 'வலியதே வாழும்' என்று பரிணாமத்தைச் சுருக்கிச் சொல்வது பிழை. மாறிய சூழலுக்குப் பொருந்தியதே எஞ்சும். இனி மலைச்சரிவைக் காணும்போது பெரும்பாறையோடு நின்றுவிடாதீர்கள். அதன் நடுவே ஓடும் மெல்லிய வரியையும் தேடிப் பாருங்கள்.