கெட்டியான ஆயில் கெட்டிக்கார ஆயிலா?

பழைய மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆயில் கேனைத் திறந்ததும் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் ஒரு தலையாட்டல். வழுக்கி ஓடினால் முகம் சுருங்கிவிடும். "என்ன சார் இது, தண்ணி மாதிரி இருக்கு? டர்போ வண்டிக்கு இது எப்படித் தாங்கும்?"

முப்பது லட்சம் கொடுத்து டர்போ பெட்ரோல் கார் வாங்கிய நண்பர் ஒருவரிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். கையேட்டில் 0W-20 என்று இருந்தது. "அதெல்லாம் வெளிநாட்டுக் குளிருக்கு எழுதினது" என்று சொல்லி 20W-50 ஊற்ற இருந்தார்கள். அவருக்குச் சந்தேகம் வந்து எனக்கு போன் செய்தார். அரைமணி நேரம் பேசினோம்.

விரல் பொய் சொல்வதில்லை. ஆனால் விரலின் சூடு 35 டிகிரி. ஓடும் எஞ்சினுக்குள் ஆயில் 100 டிகிரியைத் தொட்டு நிற்கும். பேரிங்கின் இடுக்கில் அதற்கும் மேலே போகும். விரல் எழுதும் பரீட்சை வேறு, எஞ்சின் எழுதும் பரீட்சை வேறு.

"0W-20 என்றால் தண்ணீர், 15W-40 என்றால் வலு"

முதலில் அந்த W. பலர் அதை வெயிட் என்று நினைக்கிறார்கள். அது விண்டர், குளிர்காலம். எஸ்ஏஇ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 1911-இல் தொடங்கி இன்றுவரை திருத்திவரும் ஜே300 என்ற அட்டவணையில், W-க்கு முன்னால் உள்ள எண் குளிர்ப் பரீட்சைக்கு உரியது. 0W ஆயில், மைனஸ் 35 டிகிரியிலும் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுற்றிவிடும் அளவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும். 15W-க்கு அந்தப் பரீட்சை மைனஸ் 20-இல். இரண்டாவது எண்தான் சூட்டுக்கு உரியது. 100 டிகிரியில் பாகுத்தன்மை 12.5-க்கும் 16.3 சென்டிஸ்டோக்குக்கும் இடையில் இருந்தால் 40, 6.9-க்கும் 9.3-க்கும் இடையில் இருந்தால் 20.

அப்படியென்றால் 0W-40-ம் 15W-40-ம் சூடான எஞ்சினில் ஒரே வகுப்பு. முன்னதை விரலில் தேய்த்தால் இளக்கமாக இருக்கும், அவ்வளவுதான். நிஸான் ஜிடி-ஆர் காருக்கு நிஸானே பரிந்துரைப்பது 0W-40. போர்ஷே 911 பலவற்றிலும் அதுதான். "பூஜ்யம்" என்ற எண்ணைப் பார்த்து மிரள்பவர்கள் இந்த இரண்டு வண்டிகளையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு நம்பிக்கை: மல்ட்டிகிரேடு ஆயில் குளிரில் மெல்லியதாக இருந்து சூட்டில் கெட்டிப்படுமாம். எந்த ஆயிலும் சூட்டில் கெட்டிப்படாது. எல்லாம் இளகும், மல்ட்டிகிரேடு கொஞ்சம் குறைவாக இளகும். வழக்கமான ஒரு 0W-20 ஆயில் 100 டிகிரியில் எட்டரை சென்டிஸ்டோக் என்றால், சென்னைக் காலையின் 30 டிகிரியில் அது 70-ஐ நெருங்கியிருக்கும். மெக்கானிக் "தண்ணி" என்றது, எஞ்சினுக்குத் தேவையானதைவிட எட்டு மடங்கு கெட்டியாக இருந்த நிலையில்தான். அதே காலையில் 15W-40 ஏறத்தாழ 180-இல் இருக்கும். சாவியைத் திருப்பிய முதல் சில நொடிகளில், தலைமாட்டில் இருக்கும் கேம்ஷாஃப்டுக்கு எது முந்திப் போய்ச் சேரும்?

"நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டிதான் சரி"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சினுக்குத் தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. ஊட்டியானாலும் வேலூர் அக்கினி நட்சத்திரமானாலும் கூலன்ட்டை 90 டிகிரியை ஒட்டியே வைத்திருப்பது அதன் வேலை. ஆயில் அதைத் தொடர்ந்து 100-ஐ ஒட்டி நிற்கும். வெளியே பத்து டிகிரி கூடினால் சம்ப்பில், அதாவது எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில், பத்து டிகிரி கூடிவிடாது. ஆயிலின் சூட்டை முதலில் தீர்மானிப்பது வானிலை அல்ல, உங்கள் வலது கால்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எந்த ஊர்?" என்பதல்ல, "ஆயில் எத்தனை டிகிரி தொடுகிறது?" என்பது. அண்ணா சாலை நெரிசலில் ஊர்ந்தாலும் ஈசிஆரில் நூறில் போனாலும் 100-110 என்ற வட்டத்துக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். அதே காரை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் இருபது நிமிடம் ஓட்டினால் கதை மாறும். ரேஸ் ஓட்டத்தில் சம்ப் 130 டிகிரியைத் தொடுவது அதிசயமல்ல. அந்தச் சூட்டில் ஒரு 40 கிரேடு ஆயில் எட்டு சென்டிஸ்டோக் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது, 100 டிகிரியில் ஒரு 20 கிரேடு இருக்கும் இடத்துக்கு. 130-இல் 40 போடுவதும் 100-இல் 20 போடுவதும் பேரிங்கின் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். அது பார்ப்பது கேனில் அச்சிட்ட எண்ணை அல்ல.

இதை நிறுவனங்களே வெளிப்படையாகச் சொன்ன காலம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) ஏழாம் தலைமுறை கார்வெட்டின் கையேடு சாலைக்கு 5W-30, டிராக்குக்கு 15W-50, திரும்பி வந்ததும் மறுபடி 5W-30 என்றது. அந்தத் தொல்லை வேண்டாம் என்று பிறகு இரண்டுக்கும் பொதுவாக 0W-40-க்கு மாறினார்கள். பிஎம்டபிள்யூவின் எம் பிரிவு இன்னும் நாசூக்காகச் சொன்னது: இ46 எம்3-இன் டேக்கோமீட்டரில், ஆயில் சூடாகச் சூடாக எச்சரிக்கை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, ஏறலாம் என்று அனுமதிக்கும் வேகத்தை உயர்த்திக்கொண்டே போகும். கூலன்ட் முள் நடுவில் வந்ததும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அன்பர்கள் கவனிக்க: ஆயில் எப்போதும் கூலன்ட்டுக்குப் பின்னால்தான் சூடாகும்.

"பிரஷர் கூடினால் பாதுகாப்பு கூடும்"

கெட்டி ஆயில் போட்டதும் பிரஷர் முள் ஏறும். பார்க்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பிரஷர் என்பது ஆயில் ஓடுவதற்கு இருக்கும் தடையின் அளவு. ஓட்டத்தின் அளவல்ல. தடை மிகுந்தால் பம்ப்பின் ரிலீஃப் வால்வு திறந்து, உபரியைச் சம்ப்புக்கே திருப்பி அனுப்பிவிடும்.

பேரிங்கைத் தாங்குவது பம்ப் கொடுக்கும் பிரஷர் இல்லை என்பதை உலகம் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தது. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சாம்ப் டவர் என்ற பொறியாளர், இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அச்சின் கீழ்ப்பாதி ஆயிலில் மூழ்கியிருந்தது. மேலே பேரிங் பித்தளை, அதன்மேல் பாரம். ஆயில் விடுவதற்காகப் பித்தளையின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், உள்ளே போக வேண்டிய ஆயில் துளை வழியே வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை மேலே தள்ளப்பட்டது. மர ஆப்பு அடித்தார். அதுவும் நகர்ந்து வெளியே வந்தது. பிறகுதான் துளையில் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டினார். பேரிங்கின் மேலிருந்த சராசரி பாரம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. முள் 200-ஐத் தாண்டிப் போய்விட்டது. அங்கே பம்ப் என்று எதுவுமே கிடையாது. சுழலும் அச்சு தானே ஆயிலை ஒடுங்கும் இடுக்குக்குள் இழுத்து, ஆப்பு போல அடித்து, அந்த ஆப்பின் மேல் தானே மிதக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். இன்றும் கிராங்க்ஷாஃப்ட் பேரிங்கை வடிவமைப்பவர்கள் நிற்பது அந்தச் சமன்பாட்டின் மேல்தான்.

பம்ப்பின் வேலை அந்த இடுக்குக்கு ஆயில் தீராமல் பார்த்துக்கொள்வது. இடுக்கு எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான். அந்த அளவு, பேரிங்கின் அகலம், சுழலும் வேகம், ஆயிலின் பாகுத்தன்மை எல்லாவற்றையும் சேர்த்தே படலத்தின் தடிமன் கணக்கிடப்படுகிறது. பாகுத்தன்மை கூடினால் படலம் தடிக்கும், உண்மைதான். ஆனால் உராய்வும் கூடும், பேரிங்குக்குள் சூடு கூடும், அந்தச் சூட்டை வெளியே எடுத்துச் செல்லும் ஓட்டம் குறையும். போதாததற்கு, இன்றைய எஞ்சினில் ஆயில் ஒரு கை வேலையாளும்கூட. வால்வு டைமிங்கை மாற்றும் கேம் ஃபேசரையும் டைமிங் செயின் டென்ஷனரையும் தள்ளுவது அதுதான். பிஸ்டனின் அடியில் பீய்ச்சிக் குளிர்விப்பதும் அதுதான்.

கெட்டியே காவல் என்பதற்கு எதிரான சாட்சி பிஎம்டபிள்யூவின் எஸ்65. 2007 எம்3-இல் வந்த, 8000 ஆர்பிஎம்மைத் தாண்டிப் பாடும் வி8. அதற்குக் கம்பெனி சொன்ன ஆயில் 10W-60. சாலைக் காருக்கு இதைவிடக் கெட்டியாகக் கேட்பவர்கள் அபூர்வம். அப்படியிருந்தும் அந்த எஞ்சினின் பெயரைச் சொன்னால் உரிமையாளர்கள் முதலில் பேசுவது கனெக்டிங் ராட் பேரிங் தேய்மானத்தைத்தான்.

"மெல்லிய ஆயில் எல்லாம் மைலேஜ் சட்டத்துக்காகச் செய்த தந்திரம்"

இது பாதி உண்மை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்கா 1975-இல் கொண்டுவந்த சராசரி எரிபொருள் சிக்கனச் சட்டம், 2025 வரை கார் நிறுவனங்களின் கழுத்தில் கை வைத்திருந்தது. மெல்லிய ஆயிலால் மிச்சமாவது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். ஆனால் லட்சக்கணக்கான வண்டிகளுக்குப் பெருக்கிப் பார்த்தால் அது பெரிய பணம். 2012-இல் ஃபோர்டு, சாதாரண மஸ்டாங் ஜிடியின் 5 லிட்டர் வி8-க்கு 5W-20 என்றது. அதே குடும்பத்து எஞ்சினை டிராக்குக்கென்று முறுக்கேற்றிய பாஸ் 302-க்கு 5W-50 என்றது. எங்கே சட்டம் பேசுகிறது, எங்கே எஞ்சின் பேசுகிறது என்று வாசகர்களே யூகிக்கலாம்.

ஆனால் மறுபாதியும் இருக்கிறது. முந்நூறு குதிரைச் சக்தியைத் தாண்டும் ஹோண்டா சிவிக் டைப் ஆர், அமெரிக்காவில் 0W-20-இல் ஓடுகிறது. அந்த ஆயிலுக்கென்றே எஞ்சினை வடித்தால் அது தாங்கும்.

கெட்டி ஆயில் கட்சிக்காரர்கள் இப்போது தூக்கிக்காட்டும் ஆயுதம் ஜிஎம். 2025 ஏப்ரலில் அந்த நிறுவனம் 6.2 லிட்டர் எல்87 வி8 பொருத்திய 2021 முதல் 2024 வரையிலான பிக்-அப்களையும் எஸ்யூவிகளையும் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகள். சோதனையில் தேறிய எஞ்சின்களுக்கு 0W-20-க்குப் பதிலாக 0W-40 ஊற்றி, புது ஆயில் மூடியும் மாட்டிக் கொடுத்தார்கள். "பார்த்தீர்களா!" என்றார்கள். பார்த்தேன். கோளாறு என்று ஜிஎம் சொன்னது ஆயிலை அல்ல. கனெக்டிங் ராடிலும் கிராங்க்ஷாஃப்டிலும் இருந்த உற்பத்திக் குறையை. குறையுள்ள பாகத்துக்குத் தடித்த மெத்தை போட்டிருக்கிறார்கள். சரியாகச் செய்த எஞ்சினுக்கு 20 ஆகாது என்பதற்கு அது சாட்சியாகாது. அதே வம்சத்து வி8-க்குக் கார்வெட்டில் முன்பிருந்தே 0W-40தான் என்பதை மட்டும் நானும் ஓரமாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

"5W-30 என்றால் எல்லாம் ஒன்றுதான்"

கடைக்காரர்களுக்குப் பிடித்த வாக்கியம். கேனின் முன்பக்கத்தைப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடமும் இதுதான், பின்பக்கத்தைத் திருப்புங்கள். 150 டிகிரியில், பேரிங்கின் நசுக்கலில் ஆயில் எவ்வளவு தாங்கும் என்பதற்குத் தனியாக ஓர் அளவு உண்டு. 30 கிரேடுக்கு எஸ்ஏஇ கேட்பது 2.9 சென்டிபாய்ஸ். ஐரோப்பாவின் ஏசிஇஏ சி3 தரம் கேட்பதோ 3.5, அதாவது ஒரு 0W-40-க்கு எஸ்ஏஇ வைத்திருக்கும் அளவு. இரண்டு கேனிலும் 5W-30 என்றே அச்சிட்டிருக்கும். ஜெர்மன் கார் வைத்திருப்பவர்கள் கிரேடு எண்ணைவிட, கையேட்டில் உள்ள கம்பெனி அங்கீகார எண்ணைத் தேடுவது இதனால்தான்.

டர்போவும் டைரக்ட் இன்ஜெக்ஷனும் சேர்ந்த எஞ்சினில் இன்னொரு ஆபத்து. குறைந்த வேகத்தில் முழு மிதி மிதிக்கும்போது, ஸ்பார்க்குக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் நிகழ்வு. ஆயிலில் கலக்கும் கால்சியம் டிடர்ஜென்ட் அதைத் தூண்டுகிறது என்று தெரிந்தபின்தான் தரங்கள் மாறின. 2020 மேயில் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் இதற்கென்றே சோதனை உண்டு. கெட்டியான 20W-50, அதுவும் பழைய தரத்தில், இந்த இடத்தில் ஒரு பைசாவுக்கு உதவாது. ரேஸ் ஆயிலும் தெருவுக்கு ஆகாது. அதில் தேய்மானத்தைத் தடுக்கும் ஸிங்க் பாஸ்பரஸ் கலவை அதிகம், அழுக்கைக் கழுவும் சரக்கு குறைவு. பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். ஆயில் கறுத்ததும் பதறுகிறவர்களுக்கு: அழுக்கைத் தன்னில் ஏந்தியிருக்கிறது, வேலை செய்கிறது.

நண்பருக்கு நான் சொன்னது சுருக்கம்தான். கையேட்டில் ஒரே ஒரு கிரேடு இருந்தால் அதுவே. இரண்டு மூன்று இருந்தால், ஊருக்குள் ஓட்டுவதற்கு மெல்லியது. மாதம் ஒருமுறை டிராக் போவதானால் அந்தப் பட்டியலில் உள்ள கெட்டியானது. பட்டியலுக்கு வெளியே போவதானால் முதலில் ஓர் ஆயில் டெம்பரேச்சர் கேஜ் மாட்டுங்கள், இரண்டாவதாக வாரன்டியை மறந்துவிடுங்கள்.

"அப்போ மெக்கானிக் சொன்னது எல்லாமே தப்பா?" என்று கேட்டார். இல்லை. அவர் விரலுக்குப் பதில் மூக்கைப் பயன்படுத்தியிருந்தால் நான் தலைவணங்கியிருப்பேன். டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினில், சூடாகாமலே முடிந்துவிடும் குட்டிக் குட்டிப் பயணங்களில், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கிறது. 2018-இல் சீனாவில் ஹோண்டா சிஆர்-வியின் ஒன்றரை லிட்டர் டர்போவைத் திரும்ப அழைக்க வைத்தது இதுதான். குளிர்ப் பகுதிகளில் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது. பெட்ரோல் கலந்த 30 கிரேடு, கேனில் என்ன எழுதியிருந்தாலும், 20 கிரேடாக இறங்கிவிடும். அதற்கு மருந்து 20W-50 அல்ல. வாரத்துக்கு ஒருமுறை ஒரு நீண்ட ஓட்டம், சீக்கிரமே ஓர் ஆயில் மாற்றம்.

மறுநாள் நண்பர் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்த்திருக்கிறார். பெட்ரோல் வாடை லேசாக அடிக்கிறதாம். வீட்டிலிருந்து அலுவலகம் இரண்டே கிலோமீட்டர்.