வலி எந்த நேரத்தில் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை

முதுகில் விலா எலும்பு சேரும் இடத்தில் பிடித்து, பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு மார்புக்கு வரும் வலி. தும்மல் வந்தால் இரண்டு கையாலும் மார்பை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். வீட்டில் எல்லோரும் வாய்வு என்றார்கள். பூண்டுப் பால், ஓமத் தண்ணீர், வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை. மார்வலி என்றால் முதலில் இதயத்தைப் பார்த்துவிட வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஈ.சி.ஜி., எக்கோ, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு பார்த்த எலும்பு மருத்துவர் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. வலியே இல்லாதவர்களுக்கும் அப்படி இருக்கும் என்பதை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பெல்ட் போடு, குனியாதே, படுத்து ஓய்வெடு என்றார்கள். என் இளமையில் சில வருஷங்களைத் தின்றது அந்த ஓய்வுதான். படுக்கப் படுக்க உடம்பு விறைத்தது. விடியற்காலை மூன்று மணிக்கு வலி எழுப்பிவிடும். கூடத்தில் கொஞ்ச நேரம் நடந்தால் தளரும். "நடந்தா போற வலி என்ன வலி? எல்லாம் மனசுதான்" என்றார் மாமியார். அத்தை, நடந்தால் குறைவதுதான் எனக்கிருந்த நோயின் முக்கிய அடையாளம். அதை மருத்துவம் படித்தவர்களே என்னிடம் கேட்காதபோது உங்களை மட்டும் எப்படிக் குறை சொல்வேன்?

ஒருநாள் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்துத்தான் போனேன். பரிசோதித்த இளம் டாக்டரம்மா கண்ணுக்குள் அழற்சி என்றார். சொட்டு மருந்து எழுதிக்கொண்டே, "முதுகு வலி உண்டாம்மா? காலைல எந்திரிக்கிறப்போ விறைப்பா இருக்குமா?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்தான் வாத நோய் நிபுணரான ருமட்டாலஜிஸ்டிடம் அனுப்பினார்.

அந்த மருத்துவர் சட்டைக்கு அளவெடுக்கும் டேப்பை மார்பைச் சுற்றி வைத்தார். "மூச்சை முழுசா விடுங்க... இப்ப நல்லா இழுங்க." சாதாரணமாக ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு விரிய வேண்டிய மார்பு, எனக்கு இரண்டைத் தாண்டவில்லை. விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் மூட்டுகளில் வீக்கம். முதுகெலும்பைத் தாக்கும் வாதம், அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் வகை. ஆண்களுக்கு வரும் நோய் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் பெண்களுக்குத் தாமதமாகவே பிடிபடுகிறது.

என்னைப் போல நீங்களும் கட்டுக் கட்டாக ரிப்போர்ட் வைத்திருப்பீர்கள். அதில் 'ஆர்.ஏ. ஃபேக்டர் நெகடிவ்' என்று இருப்பதைக் காட்டி வாதம் இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இந்த நோயில் அது பெரும்பாலும் நெகடிவ்தான். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. கூட நார்மலாக இருக்கலாம். ஹெச்.எல்.ஏ.-பி27 மரபணு பாசிட்டிவ் என்பதாலேயே நோய் வந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியது இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டுக்கு. என் பழைய படத்தில் அந்த மூட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நாற்பத்தைந்து வயதுக்குள் ஆரம்பித்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரைமணி நேரமாவது விறைத்து, வேலை செய்யச் செய்யக் குறைகிற வலி என்றால் நேரே ருமட்டாலஜிஸ்டிடம் போங்கள். கையில் காசில்லை என்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆனால் மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, கால் பலம் இழப்பு இருந்தால் முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு இப்போது மாத்திரையும் தினசரி உடற்பயிற்சியும். பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். போன வருஷம் தம்பி காலையில் முதுகு பிடிக்கிறது என்றான். குடும்ப வழியில் வரக்கூடியது என்பதால் அந்த வாரமே நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். முதல் படமே சரியான மூட்டுக்கு எடுத்தார்கள்.