சுக்குமல்லி பிஸ்கட் செய்யவிருக்கும் தங்கைக்கு



நீ அனுப்பிய பிஸ்கட் டப்பா வந்து சேர்ந்தது. மிளகு கறிவேப்பிலை, புளி மிளகாய், பன்னீர் ரோஜா, கருப்பட்டி எள் என்று நான்கு ரகத்தையும் நிதானமாகத் தின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உனக்குத் துணிச்சல் இருக்கிறது. அதை ஒருவர் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியாது. மற்றதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

புளி பிஸ்கட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வெளிறிப்போய், மென்றால் இழுபட்டது, புளிப்பும் தெரியவில்லை. புளி போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை கூட்டிவிடாதே. புளிக்கரைசலில் இருந்த தண்ணீர் மைதாவோடு சேர்ந்து, பிசைந்த மாவைச் சப்பாத்தி மாவுபோல் ஆக்கிவிட்டது. மைதாவில் அந்த இழுவை வராதபடி வெண்ணெய் தடுத்தால்தான் பிஸ்கட் வாயில் பொரபொரவென்று உதிரும். அடுத்தது பேக்கிங் சோடா. புளியின் அமிலமும் சோடாவும் மோதி இரண்டுமே வலுவிழந்தன. அதனால் புளிப்பு அடங்கியது, நிறமும் பிடிக்கவில்லை. சோடாவின் காரத்தன்மை மாவில் மிஞ்சியிருந்தால்தான் பிஸ்கட் சீக்கிரம் சிவக்கும்.

நான் உன்னிடம் கேட்பது இந்த ஒரு பழக்கத்தைத்தான். புதிதாக ஒன்றைக் கையில் எடுத்தால், அது என்ன ருசி தரும் என்று யோசிக்குமுன் மாவை என்ன செய்யும் என்று யோசி. தண்ணீரைக் கொண்டுவருகிறதா? அமிலமா? எண்ணெய் விடுமா? இனிப்பானால் சீக்கிரம் கருகுமா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் எந்தச் சுவையையும் பிஸ்கட்டுக்குள் கொண்டுவர வழி கிடைத்துவிடும். புளிப்பு வேண்டுமென்றால் மாவில் போடவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த மாங்காய் வற்றலைப் பொடித்து, பொடித்த சர்க்கரையில் கலந்து, ஆறிய பிஸ்கட்மேல் தூவு. நாக்கில் முதலில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.

மிளகு பிஸ்கட்டில் காரம் இருந்தது, மணம் இல்லை. மிளகுக்குக் காரம் தருவது பைப்பரின். அது ஓவன் சூட்டில் ஆவியாகிப் போகாது. மணம் தரும் எண்ணெய்கள் போய்விடும். அதனால் முன்கூட்டியே அரைத்து வைத்த தூள் உதவாது. பிசைவதற்குச் சற்று முன்னால், கொரகொரப்பாக இடித்துப் போடு. கறிவேப்பிலையைப் பச்சையாக நறுக்கிப் போட்டிருக்கிறாய். அதை நெய்யில் மொறுமொறுப்பாகப் பொரித்து நொறுக்கிப் போட்டால் ஈரமும் போய்விடும். அந்த நெய்யிலேயே வாசனை இறங்கியிருக்கும். நெய்யைக் கொட்டிவிடாமல் உறையவைத்து, வெண்ணெயின் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் உண்டு, நெய்யில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் பிஸ்கட் இன்னும் மணல்மணலாக உதிரும்.

பன்னீர் ரோஜாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எசென்ஸ் தூக்கலாக இருக்கிறது, பாதியாகக் குறை.

கருப்பட்டி எள் அருமை. கடித்ததும் எள், மென்று முடிக்கும்போது கருப்பட்டியின் புகைவாசம். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டித்தானே நம் வீடுகளில் பழக்கம்? இங்கே அது ஆகாது. சுத்தமான கருப்பட்டியாகப் பார்த்து வாங்கி, துருவிச் சலித்துச் சேர். சீனியைவிடச் சீக்கிரம் கருகும் என்பதால் ஓவனை 160 டிகிரியில் வை. காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கடலோர ஊரில் இருக்கிறாய், ஆறிய உடனே காற்றுப்புகாத டப்பாவில் மூடிவிடு.

அந்தக் கருப்பட்டியிலிருந்தே அடுத்த சோதனையைத் தொடங்கு: சுக்குமல்லி பிஸ்கட். சுக்கு, மல்லி விதை, மிளகு, கருப்பட்டி நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்பதைச் சுக்குமல்லிக் காப்பி குடித்து வளர்ந்த யாரும் உனக்குச் சொல்லுவார்கள். நான்கும் உலர்ந்த பொருள்கள் என்பதால் தண்ணீர்த் தொல்லையும் இல்லை. மைதா 200 கிராம், வெண்ணெய் 120, கருப்பட்டித் துருவல் 90, கொஞ்சம் உப்பு. வறுத்துப் பொடித்த மல்லி இரண்டு தேக்கரண்டி, சுக்குப்பொடி ஒன்று, இடித்த மிளகு அரை. பொடிகளை மைதாவில் கலக்காமல், கருப்பட்டியோடு சேர்த்து வெண்ணெயில் குழை. வாசனைப் பொருள்களின் எண்ணெய் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். பிசைந்த மாவை ஒரு இரவு பிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் வெட்டிச் சுடு.

விநோதம் என்ற சொல்லுக்கு நீ பயப்படவே வேண்டாம். பெங்களூரு ஐயங்கார் பேக்கரிகளின் காரா பிஸ்கட்டில் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் கொஞ்சம் இனிப்பும் சேர்ந்தேதான் இருக்கின்றன. அங்கே மாலை டீயோடு அதைக் கடிப்பவர்கள் யாரும் அதை விநோதம் என்று சொல்வதில்லை. ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்யும் மக்ரூன், தூத்துக்குடியில் முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவுமாக மாறி அந்த ஊருக்கே பெயர் வாங்கித் தந்தது. கிடைத்த பொருளைப் புரிந்துகொண்டு செய்ததால் நிலைத்த பண்டங்கள் இவை. கண்ணைக் கவர்வதற்காக மட்டும் நான்கைந்து பொருளை ஒன்றாகக் கொட்டிச் செய்யும் பிஸ்கட்டுகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. ஒரே மாவைப் பிரித்து, ஒரு பங்கை எதுவும் சேர்க்காமல் சுட்டு வை, ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

சூடாக இருக்கும்போது ருசி பார்த்து முடிவுக்கு வராதே. அப்போது வெண்ணெயும் இனிப்பும்தான் முன்னால் நிற்கும். மசாலா மணம் மறுநாள்தான் தெளியும். வீட்டில் உள்ளவர்களிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், உன்மேல் அவர்களுக்கு அவ்வளவு பிரியம். அதற்குப் பதில் மூன்று பிஸ்கட் கொடு. இரண்டு ஒரே மாதிரி, ஒன்று மட்டும் வேறு. வேறானது எது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நீ சேர்த்தது போதவில்லை. கண்டுபிடித்தால், எது கடைசிவரை நாக்கில் நின்றது என்று கேட்டு எழுதிவை.

விற்கத் தொடங்கினால் எள், முந்திரி, முட்டை போன்றவை சேர்ந்திருந்தால் அதை டப்பாவின்மேல் பெரிய எழுத்தில் போடு. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. இன்னொன்று, சுக்குமல்லியில் மிளகு அரைத் தேக்கரண்டி என்று எழுதியிருக்கிறேன், உன் மிளகு புதுசாக இருந்தால் அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா