கருவி திரும்பி வரும் வழி

நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் எவரும் தயங்குவதில்லை. பெருங்குடலைக் கருவி விட்டுப் பார்க்கவேண்டும், அதாவது கொலோனோஸ்கோபி செய்யவேண்டும் என்றால் மட்டும் நோயாளியின் முகம் சுருங்கிவிடுகிறது. பொங்கல் போகட்டும், மகள் கலியாணம் முடியட்டும் என்று நாள் தள்ளிப்போகிறது. மலத்தில் இரத்தம் கண்டாலும் "மூலச் சூடு" என்று மோரைக் குடித்துக்கொண்டிருப்பவர் நம்மில் எத்தனை பேர்! பெருங்குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு முளைகள் தோன்றுவதுண்டு. அவற்றிற் சில, பெரும்பாலும் பத்தாண்டு அளவில், புற்றாக மாறுகின்றன. முளையாக இருக்கும்போதே கம்பிச் சுருக்கிட்டு அகற்றிவிடலாம். தள்ளிப்போடும் காலம் அந்த வாய்ப்பைத்தான் தின்கிறது.

கருவியின் கதை நம் நாட்டோடும் தொடர்புடையது. பஞ்சாபில் பிறந்து ஆக்ராவில் பயின்ற நரீந்தர் சிங் கபானி, 1954-இல் லண்டனில் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினார். 1957-இல் ஹிர்ஷோவிட்ஸ் அவ்விழைகளால் ஆன வயிற்றுநோக்கியைத் தாமே விழுங்கிப் பார்த்தார். 1969-இல் நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா இருவரும் குடலுக்குள்ளேயே பாலிப்பை அறுத்தெடுத்தனர்.

கருவியை உள்ளே செலுத்துவதுதான் பரிசோதனை என்று பலர் எண்ணுகின்றனர். அது வழிப்பயணமே. பெருங்குடலின் தொடக்கம்வரை சென்றபின், மெல்ல வெளியே இழுத்து வரும்போதுதான் மருத்துவர் மடிப்பு மடிப்பாகச் சுவரைப் பார்க்கிறார். நோயாளியின் அச்சத்திற்கும் மருத்துவரின் திறமைக்கும் சோதனை நடப்பது இந்தத் திரும்பும் வழியில்தான் என்பது என் கருத்து.

முதலில் நோயாளி. 1996-இல் ரெடல்மயர், கானமன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வில், கொலோனோஸ்கோபி செய்துகொண்ட 154 பேர் நிமிடத்திற்கு ஒருமுறை தம் வலியை எண்ணால் குறித்தனர். பின்பு மொத்தத்தில் எவ்வளவு துன்பம் என்று கேட்டபோது, எத்தனை நிமிடம் நீடித்தது என்பது கணக்கில் ஏறவே இல்லை. மிகக் கடுமையான கணமும் இறுதிக் கணமுமே நினைவை ஆண்டன. 2003-இல் 682 பேரிடம் நடந்த சோதனையில், பாதிப்பேருக்கு முடிவில் கருவியின் நுனியைச் சில நிமிடம் அசைக்காமல் உள்ளே விட்டுவைத்தனர். பரிசோதனை நீண்டது, ஆயினும் அவர்களே குறைந்த துன்பத்தை நினைவுகூர்ந்தனர். மீண்டும் பரிசோதனைக்கு வந்தவர்களும் அவர்களுள் சற்று அதிகம். இப்போது மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் இடங்களில் வலி பெரும்பாலும் தெரிவதில்லை. முதல்நாள் லிட்டர் கணக்கில் குடிக்கும் பேதி மருந்துதான் கொடுமை என்று பலர் சொல்கின்றனர்!

இனி மருத்துவர். விரைவாக முடிப்பதில் ஒரு பெருமிதம் கைத்தேர்ச்சியுள்ள எவருக்கும் உண்டு. 2006-இல் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் 12 மருத்துவர்களின் பணியை ஒப்பிட்டனர். திரும்பும் வழிக்குச் சராசரி ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டவர்கள், நோயாளிகளில் 28.3 விழுக்காட்டினரிடம் புற்றாகக்கூடிய முளைகளைக் கண்டனர். அவசரக்காரர்கள் கண்டது 11.8 விழுக்காட்டினரிடம். குடல் ஒன்றே, கருவி ஒன்றே, வேறுபட்டது பொறுமை.

இன்று செயற்கை நுண்ணறிவு திரையில் முளையைச் சுற்றிக் கட்டமிட்டுக் காட்டுகிறது. சிலர் அதை மூன்றாம் கண் என்கின்றனர். சிலர் தொல்லை என்கின்றனர். மடிப்பின் பின்னே மறைந்ததை அது காணாது. மடிப்பை விலக்குவது மருத்துவரின் கைதான். போலந்தில் நடந்து 2025-இல் வெளியான ஆய்வு கவனிக்கத்தக்கது. இக்கருவிக்குப் பழகிய மருத்துவர்கள், அது இல்லாமல் பார்த்தபோது கண்டுபிடித்த அளவு 28.4 விழுக்காட்டிலிருந்து 22.4 ஆகக் குறைந்திருந்தது. ஓர் ஆய்வைக் கொண்டு கருவியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வாரத்தில் ஒருநாளேனும் அதை அணைத்துவிட்டுத் தம் கண்ணால் பார்த்துப் பழகட்டும் என்பேன். பயிற்சி மாணவர்களுக்கு முதல் ஆண்டில் அதைத் தரவே வேண்டாம்.